‘மெய்’ என்றால் அழகா, நிலக்கரியா? பெண் குழந்தைக்குச் சீனப் பெயர் வைக்கும் கதை

சீனர்கள் குழந்தைக்குப் பெயர் வைக்க, மாடிப்படியில் ஒரு தட்டை உருட்டிவிட்டு, அது போடும் ‘டிங் டாங் சிங்’ சத்தத்தையே வைத்துவிடுவார்கள் என்று பழைய ஜோக் ஒன்று உண்டு. பள்ளிக்கூடக் காலத்தில் நானும் சொல்லிச் சிரித்தவன்தான். ஜோக்கை யாரும் உண்மையென்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ‘பெண் குழந்தைகளுக்கான 100 சீனப் பெயர்கள், அர்த்தத்துடன்’ என்று சுற்றிவரும் பட்டியல்களைப் பலர் அப்படியே நம்பிவிடுகிறார்கள். மெய் என்றால் அழகு, லிங் என்றால் மணி, யூ என்றால் மழை என்று போகும் அந்தப் பட்டியல். பார்க்கப்போனால் ஜோக்கும் பட்டியலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: பெயரென்றால் ஓர் ஒலி என்று இரண்டுமே நினைத்துக்கொள்கின்றன.

சீனத்தில் பெயர் முதலில் எழுத்து. ஒலி அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. இதைப் பிடித்துக்கொண்டால், பெண் குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு சீனக் குடும்பம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறது என்பது விளங்கிவிடும்.

எடுப்பதும் கோப்பதும்

நம்மிடம் பெயர் வைப்பதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே புழங்கும் பெயர்களில் ஒன்றை எடுப்பது: கவிதா, பிரியா, மீனாட்சி. இன்னொன்று, சொற்களைக் கோப்பது. கயல், விழி இரண்டும் தனித்தனிச் சொற்கள், கோத்தால் கயல்விழி. தேன்மொழி, மலர்க்கொடி, எழிலரசி எல்லாம் இப்படிப் பிறந்தவை.

சீனத்தில் ஏறக்குறைய எல்லாப் பெயர்களும் இரண்டாவது வகை. அகராதியில் உள்ள எந்தச் சொல்லும், பொருத்தமாக இருந்தால், பெயருக்குள் வரலாம். இதுவரை யாருமே வைத்திராத சேர்க்கையை வைத்தாலும் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ‘சீனப் பெண் பெயர்களில் நல்லது எது?’ என்று கேட்பது, ‘தமிழில் நல்ல வாக்கியம் எது?’ என்று கேட்பது மாதிரிதான்.

கோப்பதற்கான மணிகளைச் சொல்லெழுத்து என்று அழைக்கப்போகிறேன். நம் எழுத்து ஒலியை மட்டும் காட்டும். ‘க’ என்றால் க, அவ்வளவுதான். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசையின் ஒலியோடு ஒரு பொருளையும் சேர்த்துச் சுமக்கும். அதனால்தான் அது சொல்லெழுத்து. 2013-ல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 8,105 சொல்லெழுத்துகள் இருக்கின்றன. குழந்தைக்கு வேண்டியது அவற்றில் ஒன்றோ இரண்டோ.

முதலில் குடும்பம், அப்புறம் பிள்ளை

பெயரின் அமைப்பு எளிது. குடும்பப் பெயர் முன்னால், பிள்ளையின் சொந்தப் பெயர் பின்னால். நம் இனிஷியலும் முன்னால்தானே நிற்கிறது. அங்கே அதைச் சுருக்காமல் முழுசாக எழுதுகிறார்கள். 2011-ல் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸை வென்ற லீ நாவுக்கு லீ என்பது குடும்பப் பெயர், ‘நா’தான் அவருடைய பெயர். கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றுகிற சங்கதி அங்கே இல்லை. பெண், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் கடைசிவரை இருப்பாள். பிள்ளைக்கு அப்பா வழியையும் வைக்கலாம், அம்மா வழியையும் வைக்கலாம் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் அப்பா வழிதான்.

வாங், லீ, ஜாங், லியு, ச்சென் என்ற ஐந்து குடும்பப் பெயர்களுக்குள் நாட்டில் சுமார் 30 சதவீதம் பேர் அடங்கிவிடுகிறார்கள். வாங் மட்டுமே 10 கோடிக்கு மேல். முதல் 100 பெயர்களை எடுத்தால் சுமார் 85 சதவீதம் பேர் வந்துவிடுவார்கள். ஆகவே முதல் பாதியை வைத்து ஆளை அடையாளம் காண வழியே இல்லை. மொத்தச் சுமையும் பின்னால் வருகிற ஒன்றிரண்டு எழுத்தின் தலையில். 1970, 80-களில் சொந்தப் பெயருக்கு ஒரே எழுத்து வைப்பது பரவலாக இருந்தது. விளைவு, லீ நா என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள். இப்போது பெரும்பாலோர் இரண்டு எழுத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

குடும்பப் பெயரில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது. 2009-ல் ஷான்டொங் மாகாணத்தின் ஜினான் நகரில் ஒரு தம்பதி, இருவர் குடும்பப் பெயரையும் ஒதுக்கிவிட்டு, கவிதை ஆசையில் தாங்களாகவே ஒரு குடும்பப் பெயரை உருவாக்கி மகளுக்குச் சூட்டினார்கள். பதிவு செய்யும் பொறுப்பில் இருந்த காவல் நிலையம் மறுத்துவிட்டது. வழக்கு இழுத்து இழுத்து 2015-ல் தீர்ப்பு வந்தது, பெற்றோருக்கு எதிராக. எனக்கென்னவோ அந்தப் பெற்றோர் மேல் ஒரு பரிவுதான். ஆனாலும் நீதிமன்றம் சொன்னது புரிகிறது: பிடித்திருக்கிறது என்பதற்காக ஆளாளுக்கு ஒரு வம்சத்தைத் தொடங்க முடியாது.

மூணு சுழி ண, ரெண்டு சுழி ன

இனிதான் முக்கியமான இடம்.

போனில் யாருக்காவது ஒரு சொல்லை எழுதச் சொல்லும்போது ‘மூணு சுழி ண போடுங்க’ என்கிறோம். பனி, பணி இரண்டும் பலர் வாயில் ஒன்றாகவே வரும், எழுத்தில்தான் பிரியும். வலியும் வழியும் வளியும் அப்படித்தான். நமக்கு இது எப்போதாவது வரும் சின்னத் தொல்லை. சீனத்தில் பேச்சு முழுக்க இதுதான். சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஏறக்குறைய 400 அசைகள்தான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான சொல்லெழுத்துகள் அந்த 400 அறைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கின்றன.

நெரிசலைக் கொஞ்சம் குறைப்பது தொனி. தொனி என்றால் ஓர் அசையைச் சொல்லும்போது குரல் போகும் போக்கு. தமிழில் ‘ம்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை சொல்கிறோம்! குரலை ஏற்றினால் ‘என்ன?’, இறக்கினால் ‘சரி’, இழுத்தால் ‘அப்படியா சேதி’. நமக்கு அது உணர்ச்சியைக் காட்டும், சொல்லை மாற்றாது. மாண்டரினில் சொல்லையே மாற்றிவிடும். நான்கு தொனிகள்: சமமாக நிற்பது, கேள்வி கேட்பதுபோல் ஏறுவது, தணிந்து கீழே தங்குவது, அதட்டுவதுபோல் சட்டென்று விழுவது. சமமான ‘மா’ அம்மா, ஏறும் ‘மா’ சணல், தணிந்த ‘மா’ குதிரை, விழும் ‘மா’ திட்டுவது.

தொனியையும் சேர்த்தால் அறைகள் சுமார் 1,300 ஆகின்றன. அப்போதும் நெரிசல் தீரவில்லை.

பட்டியல்களின் செல்லப்பிள்ளையான ‘மெய்’யையே எடுப்போம் (நம் உண்மைக்கும் உடம்புக்கும் இதோடு சம்பந்தமில்லை). தணிந்த தொனியில் ‘மெய்’ அழகு. பட்டியல் சொல்வது இதை மட்டும். விழும் தொனியில் சொன்னால் தங்கை. ஏறும் தொனியில் சொன்னால் பிளம் மலர். அதே ஏறும் தொனியில், ஒரு மயிரிழையும் மாறாமல், புருவம், நிலக்கரி, பூஞ்சணம், ‘இல்லை’ எல்லாமே ‘மெய்’தான். காதால் கேட்டு இவற்றைப் பிரிக்க முடியாது. எழுதினால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உருவம். ‘லிங்’கும் இதே கதை: மணி, ஜேடு மணிக்கல் உரசும் கிணுகிணுப்பு, ஆன்மா, வயது, பூஜ்யம் எல்லாம் ஒரே தொனியில் ‘லிங்’. மகளுக்கு லிங் என்று வைத்தேன் என்று ஒருவர் சொன்னால், எந்த எழுத்து என்று கேட்காதவரை அவர் வைத்தது மணியா பூஜ்யமா என்று தெரியாது.

அதனால் சீனர்கள் பெயரைச் சொல்லும்போதே எழுத்தைப் பிரித்தும் சொல்வார்கள். ஜாங் என்ற ஒலியில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஒருவர் ‘வில்-நீளம் ஜாங்’ என்பார், மற்றவர் ‘நில்-விடியல் ஜாங்’ என்பார். அந்த எழுத்துகளின் துண்டுகள் அவை. லீ என்பவர் ‘மரம்-பிள்ளை லீ’. ச்சென் என்பவர் ‘காது-கிழக்கு ச்சென்’. நம் மூணு சுழிக்கு அண்ணன் தம்பி முறை.

பாஸ்போர்ட்டில் இந்தப் பெயர்கள் பின்யின் முறையில் ஏறும். பின்யின் என்பது மாண்டரின் ஒலியை ரோமன் எழுத்தில் எழுத 1958-ல் சீனா ஏற்றுக்கொண்ட முறை. பாஸ்போர்ட்டில் தொனிக் குறி இருக்காது. புருவமும் பூஞ்சணமும் அங்கே ஒன்றாகிவிடும். இணையப் பட்டியல்கள் உருவாவதும் இந்தக் கடைசிப் படியிலிருந்துதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு. பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை, சொல்லெழுத்துகளால் கோக்கிறார்கள். குடும்பப் பெயர் முன்னால் வரும், அது கிட்டத்தட்ட மாறாதது. ஒலியை மட்டும் கேட்டுப் பெயரின் பொருளைச் சொல்ல முடியாது.

பெண் பெயர் என்று எப்படித் தெரியும்?

தமிழில் அரசன், அரசி, ஈறு சொல்லிவிடும். சீனத்தில் ஆண், பெண் ஈறு கிடையாது. குறிப்பு எழுத்துக்குள்ளேயே இருக்கும்.

பெரும்பாலான சொல்லெழுத்துகளுக்குள் பொருளின் திசையைக் காட்டும் ஒரு துண்டு உண்டு. அதை உறுப்பு என்போம். இடதுபக்கம் மூன்று நீர்த்துளி இருந்தால் தண்ணீர் சம்பந்தம். தலையில் இரண்டு புல் முளைத்திருந்தால் செடிகொடி. பெண் பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவை பெண் உறுப்பு, புல் உறுப்பு, ஜேடு உறுப்பு. மல்லிகையின் ‘லி’க்குத் தலையில் புல். கிணுகிணுக்கும் ‘லிங்’குக்குப் பக்கத்தில் ஜேடு. லீ நாவின் ‘நா’வில் பெண் உறுப்பு இருக்கிறது. ‘ஃபாங்’ என்ற ஒலியைப் புல் வைத்து எழுதினால் நறுமணம், பெண் பெயர். புல்லை எடுத்துவிட்டால் சதுரம். ஒலியும் தொனியும் அதேதான்.

பழைய தலைமுறைக்குப் பிடித்த சொற்கள் அடக்கம், அமைதி, கற்பு. இப்போது மகளின் பெயரில் அவற்றைத் தேடும் பெற்றோர் குறைவு. மழை, விடியல், மரம், வாக்கு என்று பொதுவான சொற்களுக்கு வந்திருக்கிறார்கள். காவல்துறை அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், 2020-ல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் யீநுவோ, ‘ஒரு வாக்கு’. ‘ஒரு வாக்கு, ஆயிரம் பொன்’ என்ற மரபுத்தொடரின் முன்பாதி அது. அந்தத் தொடரின் பின்பாதியான ‘ஆயிரம் பொன்’, பிறர் வீட்டு மகளை மரியாதையாகக் குறிப்பிடும் சொல். பெயரில் சொல்லாமல் விட்ட பாதியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்து வைத்தவர்கள் எத்தனை பேரோ, எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

பாட்டிலிருந்து ஒரு பெயர்

‘பெண்ணுக்கு ஷிஜிங், ஆணுக்கு ச்சூத்ஸி’ என்று சீனத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டும் பழம்பெரும் பாடல் தொகைகள். நம்மில் சிலர் பெயர் தேடிச் சங்கப் பாடலைப் புரட்டுவது மாதிரி.

இதற்குத் தூ யோயோவை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1930-ல் நிங்போ நகரில் பிறந்தவர். ஷிஜிங்கின் ஒரு பாட்டில் மான்கள் ‘யோ யோ’ என்று ஒன்றையொன்று கூப்பிட்டபடி மேய்கின்றன. அந்த அழைப்பொலியையே அப்பா பெயராக வைத்தார். அதே பாட்டில் மான்கள் மேயும் செடிகளில் ஒன்று ‘ஹாவ்’, நம் மாசிப்பத்திரி இனம். பிள்ளை வளர்ந்து மருந்து ஆராய்ச்சிக்குப் போனாள். 1970-களில் மலேரியாவுக்கு மருந்து தேடிய குழு ஒன்றை நடத்தி, ‘ச்சிங்ஹாவ்’ என்ற செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-ல் மருத்துவ நோபல் பரிசு. பெயருக்குள்ளேயே தொழில் இருந்தது என்று சீனாவில் அப்போது பேசாத வாய் இல்லை. பாருங்கள், சத்தத்தைப் பெயராக வைப்பதும் அங்கே நடக்கத்தான் செய்கிறது. தட்டுச் சத்தம் இல்லை, மான் சத்தம்.

குடும்பப் பெயர் போடும் கண்ணி

அழகான எழுத்தைப் பொறுக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தால் இங்கே மாட்டிக்கொள்வோம். முழுப் பெயரையும் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வூ என்பது பெரிய குடும்பப் பெயர்களில் ஒன்று. ‘இல்லாத’ என்ற சொல்லும் அதே தொனியில் வூ. இப்போது வூ வீட்டுப் பெண்ணுக்கு மல்லிகையின் ‘லி’யை வையுங்கள். வூ லி. எழுத்தில் மணக்கும். காதில் ‘தெம்பில்லை’ என்று கேட்கும். ஜியா என்ற குடும்பப் பெயர் ‘போலி’ என்ற சொல்லோடு ஒலியில் ஒன்று. அந்த வீட்டில் எந்த நல்ல குணத்தைப் பெயராக வைத்தாலும் போலி ஒட்டிக்கொள்ளும்.

இதில் எல்லோருக்கும் தெரிந்த கேலி உதாரணம் ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயர் ஷி, பொருள் வரலாறு. அடுத்து ‘ஜென்’, விலைமதிப்பற்ற. அடுத்து ‘ஷியாங்’, நறுமணம். மூன்றும் தங்கமான எழுத்துகள். சேர்த்து வாய்விட்டுச் சொன்னால் ‘மலம் உண்மையிலேயே மணக்கிறது’. தொனிகூட அச்சு அசலாகப் பொருந்தும்.

எழுத்தின் தோற்றமும் கவனிக்க வேண்டியது. கட்டடக்கலை அறிஞரும் கவிஞருமான லின் ஹுய்யினின் பெயரை ஷிஜிங்கிலிருந்து எடுத்து வைத்தவர் அவருடைய தாத்தா. பின்னாளில் கிட்டத்தட்ட அதே தோற்றமுள்ள எழுத்துகளில் பெயர் கொண்ட ஓர் ஆண் எழுத்தாளரோடு வாசகர்கள் குழப்பிக்கொள்ள, 1930-களில் கடைசி எழுத்தை அதே ஒலியுள்ள வேறொன்றுக்கு அவர் மாற்றிக்கொண்டார். கூப்பிடுகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பெயர் மட்டும் மாறிவிட்டது.

கோடுகளின் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. காலை வெளிச்சத்தைக் குறிக்கும் ‘ஷி’ என்ற எழுத்து பெண் பெயருக்கு மிகவும் விரும்பப்படுவது. ச்சென் குடும்பத்தில் வைத்தால் ‘ச்சென் ஷி’. ஒலியில் ‘விடியல் ஒளி’ என்ற சொல்லே கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் 20 கோடுகள். முதல் வகுப்புப் பரீட்சையில் பக்கத்துப் பையன் இரண்டாவது கேள்விக்குப் போயிருப்பான், இவள் இன்னும் பெயரையே எழுதிக்கொண்டிருப்பாள்.

பாட்டி பெயரை வைக்கலாமா?

நம் ஊரில் தாத்தா பெயரைச் சுமப்பவன் பெயரன், அவன்தான் பேரன். பேத்தியும் அப்படி வந்தவளே. சீன வழக்கம் நேர் எதிர். பெரியவர் பெயரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைப்பது மரியாதைக் குறைவு. ‘வாங்க பாட்டி’ என்று கூப்பிட வேண்டியவரை, குழந்தையை அதட்டும்போதெல்லாம் பெயர் சொல்லி அதட்டுவது எப்படி என்பது அவர்கள் கேள்வி. மன்னர் காலத்தில் இது சட்டமாகவே இருந்தது. பேரரசர் காங்ஷியின் இயற்பெயரில் ‘ஷுவான்’ என்ற எழுத்து இருந்ததால், பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசல் ஷுவான்வு வாசலிலிருந்து ஷென்வு வாசல் ஆனது. இன்றும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் வெளியே வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

பரம்பரைத் தொடர்ச்சியை வேறு விதமாகக் காட்டுவார்கள்: ஒரே தலைமுறையில் பிறந்த எல்லோருக்கும் ஓர் எழுத்து பொது. இது தலைமுறை எழுத்து. பெரிய குடும்பங்களில் எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து என்று ஒரு செய்யுளே எழுதி வைத்திருப்பார்கள். பெண்களைப் பல குடும்பங்கள் அந்த வரிசையில் சேர்க்கவில்லை, அல்லது அவர்களுக்கென்று தனி எழுத்து வைத்தார்கள். நவீன சீன வரலாற்றில் புகழ்பெற்ற சூங் சகோதரிகள் ஐலிங், ச்சிங்லிங், மெய்லிங். மூவருக்கும் பொதுவான ‘லிங்’ வயதைக் குறிப்பது. அவர்களுடைய சகோதரர்கள் மூவருக்கும் பொது எழுத்து வேறு.

ஜாதகம் எங்கே வருகிறது

அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா என்று நாம் முதலெழுத்து தேடுகிறோம். சீனத்தில் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்குக்கும் இரண்டிரண்டு எழுத்து, மொத்தம் எட்டு. இந்த எட்டெழுத்துதான் அவர்கள் ஜாதகம். ஒவ்வொன்றும் உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்ற ஐந்து கூறுகளில் ஒன்றைச் சேர்ந்தது. ஏதாவது ஒரு கூறு குறைந்தால் பெயரில் அதை ஊற்றி நிரப்புவார்கள். நீர் குறைவா, நீர்த்துளி உறுப்புள்ள எழுத்து. ரொம்பக் குறைவா, நீரை மூன்று முறை அடுக்கிய ‘மியாவ்’ என்ற எழுத்தே இருக்கிறது. மரத்துக்கும் நெருப்புக்கும் உலோகத்துக்கும் மண்ணுக்கும்கூட மூன்றடுக்கு எழுத்துகள் உண்டு.

நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடுகளைக் கூட்டிப் பலன் சொல்லும் முறை சீனப் பெயர்க் கடைகளில் ‘பழைய சாஸ்திரம்’ என்று விற்கிறது. அது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியரான குமாஸாகி கெனோ வகுத்த முறை. சீனத்துக்கு அங்கிருந்து வந்தது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் போடும் நம் நியூமராலஜி அன்பர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

காலம் எழுதும் பெயர்

பெயரைப் பார்த்து வயதைச் சொல்லலாம். குய்யிங், ஷியுலான் என்றால் பாட்டிகள். 1960-களில் பிறந்தவர்களில் ‘ஹொங்’, அதாவது சிவப்பு, நிறைய: செம்பிளம் மலர் ஹொங்மெய், சிவப்பைக் காக்கும் வெய்ஹொங். அரசியல் அப்படி இருந்தது.

இன்னொரு வகைப் பெயர் எந்தக் காலத்தோடும் நிற்கவில்லை. ஜாவ்தி, ‘தம்பியை அழைத்து வா’. லைதி, ‘தம்பி வரட்டும்’. பான்தி, ‘தம்பிக்காக ஏக்கம்’. பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயர்கள் இவை. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் வேண்டாம் என்றும், தென்மாவட்டங்களில் போதும்பொண்ணு என்றும் பெயர் சுமந்த பெண்களை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலாயாவில் சீனக் குடும்பங்கள் வேண்டாமென்று கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து, தமிழ்ப் பெயர் வைத்து, தமிழ் பேசி வளர்த்த கதைகள் நிறைய உண்டு. வளர்ந்த ஜாவ்திகள் பலர் இன்று காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டுப் பெயர் தனிக் கணக்கு. அதில் அசிங்கமான பெயரும் அன்பால் வைப்பது. ‘நாய் மிச்சம்’ என்று கூப்பிட்டால் கெட்ட ஆவி சீந்தாது என்பார்கள். நம் குப்பம்மாளும் பிச்சையம்மாளும் உயிர் தங்க வேண்டும் என்று வைத்த பெயர்கள்தாமே.

சுருக்கிச் சொன்னால், எழுத்தின் பொருள், உறுப்பு, தொனி, குடும்பப் பெயரோடு சேரும் ஒலி, எழுதும் சிரமம், பெரியவர்கள் பெயர், சில வீடுகளில் ஜாதகம். இத்தனையும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும்.

ஒரு பெயரைக் கோத்துப் பார்ப்போம்

குவாங்சோ நகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் லின், பொருள் காடு. இரண்டு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய எழுத்து. ஏறும் தொனி. அக்டோபரில் பெண் பிறந்திருக்கிறாள். பழைய விதிப்படி ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். மாதம் நிறைந்ததும் உறவுக்காரர்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை கொடுப்பார்கள். அதற்குள் பெயர் வேண்டும்.

தாத்தா ‘மெய்’ என்கிறார், பிளம் மலர். கடும் குளிரில் பூக்கும் மலர், மனவுறுதிக்கு அடையாளம். லின் மெய் என்று எழுதிப் பார்த்தால் லின்னில் இரண்டு மரம், மெய்யில் பக்கவாட்டில் இன்னொரு மரம். தோப்பு மாதிரி இருக்கிறது. இரண்டும் ஏறும் தொனி வேறு. அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டதுபோல் ஒலிக்கிறது. நடுவில் பனியைக் குறிக்கும் ‘ஷுவே’யைச் செருகினால் தொனி சரியாகிவிடும்: லின் ஷுவேமெய். அம்மா உதட்டைப் பிதுக்குகிறாள். அவளுடைய பெரியம்மா பெயர் மாதிரி இருக்கிறதாம்.

சித்தி ‘ருவோஷி’ என்கிறாள், மாலை நேரக் கடலலை போல. அழகுதான். ஆனால் மழலையர் வகுப்பில் ஒரு ருவோஷியைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பும் அளவுக்கு இப்போது பரவிய பெயர்.

அப்பாவுக்குப் பிள்ளை பிறந்த பருவம் பெயரில் இருக்க வேண்டும். இலையுதிர் காலம் ‘ச்சியு’. அப்போது தெற்கே பறந்து வரும் காட்டுவாத்து ‘யென்’. வாத்து என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். சீனக் கவிதையில் அது தொலைவிலிருந்து கடிதம் கொண்டு வரும் பறவை, நாம் நாரையையும் அன்னத்தையும் தூது விட்டதுபோல. லின் யென்ச்சியு. எழுதினால் அழகு, தொனி அழகு. அம்மா இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்துகிறாள். தொனியைக் கொஞ்சம் மாற்றினால் ‘யென்ச்சியு’ என்பது கண்விழி உருண்டை. வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது.

இரண்டு எழுத்தையும் இடம் மாற்றுகிறார்கள். லின் ச்சியுயென். ஏறி, சமமாக நின்று, விழுகிறது. லின்னுக்கு 8 கோடு, ச்சியுவுக்கு 9, யென்னுக்கு 12. ஆறு வயதுக் கையால் எழுத முடியும். குடும்பத்தில் மூத்தவர் யாருக்கும் இந்த எழுத்துகள் இல்லை. தாத்தா கொஞ்சம் முனகிவிட்டுச் சம்மதிக்கிறார்.

பாட்டிக்கு மாண்டரின் சரளமில்லை, அந்தப் பக்கத்துப் பேச்சுமொழியான கேன்டனீஸ்தான். அவர் வாயில் அதே மூன்று எழுத்தும் ‘லாம் சாவ்-ங்கான்’ ஆகிறது. யாரும் திருத்துவதில்லை, எழுத்து அதேதான், பெயரும் அதேதான். தூக்கிக் கொஞ்சும்போது பாட்டி எப்படியும் வீட்டுப் பெயரைத்தான் சொல்லப்போகிறார்.

பதிவு அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்காமல் எந்த எழுத்து என்று கேட்கிறார். அப்பா சொல்கிறார்: “இரட்டை மரம் லின். இலையுதிர் காலத்து ச்சியு. பெரிய காட்டுவாத்து யென்.” வளர்ந்த பிறகு போனில் பெயர் கேட்கும் எல்லோரிடமும் மகளும் இதைத்தான் சொல்வாள்.